அறுந்த நாணும் செயற்கை முழங்காலும்

தேய்ந்து வலிக்கும் முழங்காலுக்கு மாற்று மூட்டுப் பொருத்தும் அறுவைச் சிகிச்சையைப் பற்றிக் கேள்விப்படாதவர் இந்நாளில் அரியர். உறவினரிலோ அண்டை வீட்டாரிலோ அதனைச் செய்துகொண்டு, மறந்தே போயிருந்த நடையை மீண்டும் பெற்றவர் ஒருவரேனும் இருப்பார். அச்சிகிச்சையின் சிறப்பை எடுத்துரைப்பது இன்றைய பேச்சின் நோக்கமன்று. பொருத்திய மூட்டு நன்றாகவே இருக்க, அதனை இயக்கும் நாண் அறுந்துபோனால் என்ன நேரும், அதனை மருத்துவர் எவ்வாறு செப்பனிடுகின்றனர் என்பதையே இங்குக் கூற விரும்புகிறேன். மிகச் சிலருக்கே நேரும் துன்பம் இது. ஆனால் நேர்ந்தவருக்கோ, மூட்டு மாற்றியதனால் பெற்ற பயன் அனைத்தும் ஒரு நொடியில் கைநழுவிப் போகின்றது. நாற்காலியிலிருந்து எழ முடியாது, படியேற முடியாது, சமதரையில் நடக்கும்போதே கால் மடிந்து விழ நேரிடும்.

மாற்று மூட்டு என்னும் சொல்லே ஒரு மயக்கத்தை உண்டாக்குகின்றது. பழைய முழங்காலை அப்படியே அறுத்தெறிந்துவிட்டுப் புதிய முழங்கால் ஒன்றை மாட்டிவிடுகிறார்கள் என்று பலர் எண்ணுகின்றனர். நடப்பது அதுவன்று. தொடை எலும்பின் கீழ்முனையிலும் கீழ்க்கால் எலும்பின் மேல்முனையிலும் தேய்ந்த பரப்பை மட்டும் சில மில்லிமீட்டர் கனத்துக்குச் செதுக்கி எடுக்கிறார்கள். தொடை எலும்பின் முனைக்குக் கோபால்ட், குரோமியம் கலந்த உலோகக் கவசம் ஒன்றும், கீழ்க்கால் எலும்பின் தலைக்கு உலோகத் தட்டு ஒன்றும் பொருத்தி, இரண்டுக்கும் நடுவே வழுவழுப்பான பாலித்தீன் பலகை ஒன்றை அமைக்கிறார்கள். முழங்காற்சில்லின் உட்புறத்திலும் பல வேளைகளில் ஒரு சிறு பாலித்தீன் வில்லையை ஒட்டுவதுண்டு. மற்றபடி தசை, நாண், தோல், இரத்தக் குழாய் யாவும் நோயாளியின் சொந்தப் பொருள்களே. கதவுக்குப் புதிய கீல் போட்டிருக்கிறோம். கதவை இழுக்கும் கை பழைய கைதான்.

அந்தக் கை எது என்று பார்ப்போம். தொடையின் முன்புறத்தில் நான்கு தலைகளையுடைய பெருந்தசை ஒன்று உள்ளது. நான்கு தலைகளும் கீழே ஒன்றுகூடி, உறுதியான வெண்ணிற நார்க்கயிறாக மாறி, முழங்காற்சில்லின் மேல்விளிம்பைப் பற்றுகின்றன. தசையை எலும்போடு பிணைக்கும் இத்தகைய நார்க்கயிற்றையே தசைநாண் என்கிறோம். சில்லின் கீழ்விளிம்பிலிருந்து மற்றொரு நாண் புறப்பட்டு, கீழ்க்கால் எலும்பின் முன்புறத்தில், முழங்காலுக்குச் சற்றுக் கீழே நம் விரலுக்குத் தட்டுப்படும் மேட்டில் சென்று பதிகின்றது. எளிமைக்காக முன்னதை மேல்நாண் என்றும், பின்னதைக் கீழ்நாண் என்றும் அழைப்போம். தசை, மேல்நாண், சில்லு, கீழ்நாண், எலும்பு மேடு என்னும் இவ்வைந்தும் ஒரே தொடர். தசை சுருங்கினால் தொடர் முழுவதும் மேல்நோக்கி இழுபட்டு, மடங்கிய கால் நீள்கின்றது. தொடரில் எந்த இடத்தில் அறுந்தாலும் பயன் ஒன்றே; தசை தன் வலிமையெல்லாம் கொண்டு இழுத்தாலும் கால் அசையாது.

நடுவே சில்லு எதற்கு என்று கேட்கலாம். கதவைக் கீலுக்கு அருகில் கைவைத்துத் தள்ளிப் பாருங்கள், கடினமாக இருக்கும். கீலுக்கு எதிர் விளிம்பில் தள்ளினால் ஒரு விரல் போதும். சில்லு, நாணை மூட்டின் அச்சிலிருந்து முன்னோக்கித் தள்ளி நிறுத்தி, அந்த விரலின் வசதியைத் தசைக்குத் தருகின்றது. அவ்வாறிருந்தும் படியேறும்போது இந்த நாண்கள் தாங்கும் இழுவிசை உடல் எடையைப்போல் பன்மடங்காகும். இதனை நினைவில் வைத்துக்கொண்டால், பின்னர்க் கூறப்போகும் தோல்விகளின் காரணம் எளிதில் விளங்கும்.

செயற்கை முழங்காலின் வரலாறு நீண்டது. பெர்லின் நகரத்து அறுவை மருத்துவர் தெமிஸ்டாக்ளிஸ் குளுக் என்பவர் 1890ஆம் ஆண்டிலேயே யானைத் தந்தத்தால் கீல்மூட்டுச் செய்து, காசநோய் அரித்த முழங்காலில் பொருத்திப் பார்த்தார். நோய்க்கிருமி அம்முயற்சியை வென்றுவிட்டது. இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி 1962இல் இடுப்பு மூட்டுக்கு உலோகமும் பாலித்தீனும் சேர்ந்த அமைப்பை வெற்றியாக்கிய பிறகே முழங்காலுக்கும் வழி பிறந்தது. அவருடன் பணியாற்றிய கனடா நாட்டவர் பிராங்க் கன்ஸ்டன் ஒரு வடிவத்தை உருவாக்கினார். நியூயார்க்கில் ஜான் இன்சால் குழுவினர் 1974இல் பொருத்தத் தொடங்கிய வடிவமே இன்றைய மூட்டுகளுக்கெல்லாம் முன்னோடி. இவர்கள் யாவரும் தேய்மானத்தையும், மூட்டுத் தளர்ந்துபோவதையும், கிருமித் தொற்றையும் எதிர்த்துப் போராடினர். நாண் அறுவது அப்போது ஓரத்தில் நின்ற சிக்கல். மாற்று மூட்டுப் பெற்றவர் தொகை பெருகப் பெருக, அந்த ஓரத்துச் சிக்கலும் கண்ணில் படலாயிற்று.

எத்தனை பேருக்கு நேர்கிறது? அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்து ராச்செஸ்டர் நகரிலுள்ள மேயோ மருத்துவமனையினர், தாம் முதன்முறையாக மாற்றிய 23,800 முழங்கால்களை ஆராய்ந்து 2005இல் ஒரு கணக்கை வெளியிட்டனர். மேல்நாண் அறுந்தவை 24. அதாவது ஆயிரத்துக்கு ஒன்று. கீழ்நாண் அறுவதும் நூற்றுக்கு ஒன்றிரண்டு என்னும் அளவைத் தாண்டுவது அரிது. அரிது என்பதனாலேயே ஒரு தீமையும் உண்டு: நோயாளியும் எதிர்பார்ப்பதில்லை, சில வேளைகளில் முதலில் பார்க்கும் மருத்துவரும் எதிர்பார்ப்பதில்லை.

நல்ல நாண் எளிதில் அறுவதன்று. அறுவதற்கு முன்பே அது பலவகையில் நைந்திருக்கும். முடக்குவாதம், நீரிழிவு, நாட்பட்ட சிறுநீரக நோய் ஆகியவை நாணின் நாரை வலுவிழக்கச் செய்கின்றன. ஸ்டீராய்டு மருந்தை நெடுநாள் உட்கொள்வதும், மூட்டில் அடிக்கடி ஊசியாக ஏற்றிக்கொள்வதும் அவ்வாறே. சிப்ரோஃப்ளாக்சசின் முதலிய கிருமிக்கொல்லி மருந்துகள் நாண் அறுவதற்கு இடமாகலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2008இல் கடும் எச்சரிக்கை விடுத்தது. மருந்துக் கடையில் தாமே கேட்டு வாங்கி விழுங்கும் பழக்கமுடையோர் இதனை மனத்திற் கொள்வது நல்லது.

அறுவைச் சிகிச்சையும் தன் பங்குக்கு நாணை நலிவிக்கக் கூடும். நாணுக்கும் சில்லுக்கும் இரத்தம் கொண்டுவரும் சிறு குழாய்கள் முழங்காலைச் சுற்றி வலைபோல் பின்னிக் கிடக்கின்றன. மூட்டைத் திறக்கும்போது அவற்றுட் சில அறுபடுவது தவிர்க்க இயலாதது. சில்லு பக்கவாட்டில் விலகாதிருக்க வெளிப்புறத் திசுவைக் கீறிவிட வேண்டிய நேரங்களில் மேலும் ஒரு குழாய் போகலாம். பல்லாண்டுகளாக விறைத்துப்போன முழங்காலைத் திறக்கச் சில்லை வலிந்து ஒதுக்கும்போது, கீழ்நாண் தன் எலும்பு மேட்டிலிருந்தே உரிந்து வருவதும் உண்டு. தேர்ந்த மருத்துவர் இதற்கு அஞ்சியே விறைத்த முழங்காலில் மெதுவாகக் கைவைப்பார். இவ்வளவும் கடந்து நலமாக வீடு திரும்பியவர், சில திங்களோ சில ஆண்டுகளோ கழித்துக் குளியலறையில் வழுக்கி விழுகிறார். நைந்திருந்த நாண் அந்த ஒரு வீழ்ச்சியில் அறுந்துவிடுகின்றது.

அறுந்ததை அறிவது எப்படி? நேயர்கள் இப்பகுதியைச் சற்றுக் கூர்ந்து கேட்க வேண்டுகிறேன். விழுந்தபோது 'படக்'கென்று ஓர் ஒலியோ உணர்வோ தோன்றலாம். வீக்கம் இருக்கும். ஆனால் வலி, அடிபட்ட அளவுக்குப் பெரிதாக இல்லாமலும் போகலாம், இதுவே ஏமாற்றுவது. "வலி அவ்வளவாக இல்லை, இரண்டு நாளில் சரியாகிவிடும்" என்று படுத்திருப்பவர் பலர். சோதனை எளிது. மல்லாந்து படுத்துக்கொண்டு, முழங்காலை மடக்காமல், நீட்டிய காலைப் படுக்கையிலிருந்து ஒரு சாண் உயர்த்தச் சொல்லுங்கள். மற்றவர் கையால் தூக்கிவிட்டால் கால் நேராக நீளும். கையை எடுத்தால் தொப்பென்று விழும். தானாக உயர்த்தவே முடியாது. அப்படியானால் நாண் அறுந்திருக்கிறது என்றே கொண்டு, காலை மடக்காமல் கட்டை வைத்துக் கட்டி, மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். கீழ்நாண் அறுந்தால் சில்லு தொடைப்பக்கம் ஏறி நிற்கும். மேல்நாண் அறுந்தால் சற்றுக் கீழே இறங்கிச் சில்லுக்கு மேலே விரல் அழுந்தும் பள்ளம் ஒன்று தோன்றும். பக்கவாட்டில் எடுத்த எக்ஸ்ரே படம் இதனைத் தெளிவாகக் காட்டும்.

நாள் கடத்துவதால் வரும் கேடு பெரிது. அறுந்த நாணின் மேல்முனையைத் தசை தன்போக்கில் மேலே இழுத்துக்கொண்டு போகின்றது. வாரங்கள் செல்லச் செல்லத் தசை சுருங்கி அந்த நிலையிலேயே உறைந்துவிடும். இரு முனைகளுக்கும் இடையே தழும்புத் திசு நிரம்பும். பின்னர் அவற்றை இழுத்துச் சேர்ப்பது பெரும்பாடு. உருவிவிட்டால் சரியாகும் என்று எண்ணெய் தேய்த்து நீவுவது இந்த விலகலை இன்னும் மிகுதியாக்குமேயன்றிக் குறைக்காது.

இனிச் செப்பனிடும் முறைக்கு வருவோம். அறுந்தால் தைத்துவிட வேண்டியதுதானே என்பதே எவருக்கும் தோன்றும் முதல் எண்ணம். இயற்கையான முழங்காலில் அது பெரும்பாலும் சரியே. மேல்நாண் அறுந்த நோயாளிக்குத் தையலிட்டுக் குணப்படுத்தியதை மக்பர்னி என்னும் அமெரிக்க மருத்துவர் 1887இலேயே எழுதியிருக்கிறார். சிகாகோவின் ஸ்குடேரி, மேல்நாணிலிருந்தே முக்கோணத் துண்டு ஒன்றை உரித்துக் கீழே மடித்து அறுந்த இடத்துக்கு ஒட்டுப்போடும் முறையை வகுத்தார். நாரை நீளவாக்கில் இருபுறமும் பூட்டுத் தையலாகப் பின்னிக்கொண்டு வரும் உறுதியான தையல் ஒன்றைக் கிராக்கோ முதலியோர் 1986இல் அறிவித்தனர். இன்றும் நாண் தைப்பவர் கைகளில் அது வாழ்கின்றது.

ஆனால் செயற்கை மூட்டின்மேல் அமைந்த நாணுக்கு இத்தையல் போதவில்லை. கீழ்நாண் அறுந்தவர்களுக்குத் தையலும் உலோகக் கவ்வியும் இட்டுப் பார்த்த மேயோ மருத்துவர்கள், அவற்றுட் பெரும்பாலானவை தோற்றன என்று 1989இல் வெளிப்படையாக எழுதினர். காரணம் மேலே சொன்னவற்றிலேயே அடங்கியிருக்கிறது. தையல் நூல் இரண்டு முனைகளையும் ஒன்றாகப் பிடித்து வைக்குமேயல்லாது, ஒன்றாக வளரச் செய்யாது. வளர்வதற்கு உயிருள்ள நாரும் இரத்த ஓட்டமும் வேண்டும். இங்கோ நார் நைந்தது. இரத்த ஓட்டம் குறைந்தது. நூலைக் கோத்துக் கட்டச் சில்லில் துளையிடலாமென்றால், பாலித்தீன் வில்லைக்காகச் செதுக்கப்பட்ட சில்லு ஏற்கெனவே மெலிந்திருக்கிறது. இற்றுப்போன துணியில் புதுநூலால் தைப்பதை ஒக்கும் அது. நூல் அறாது, துணி கிழியும்.

ஒரு விலக்கு உண்டு. மேல்நாண் முழுவதும் அறாமல் ஒரு பகுதி மட்டும் கிழிந்து, நோயாளியால் காலை ஓரளவேனும் தானே நீட்ட முடியுமானால், அறுவையின்றியே காலை நேராகக் கட்டி வைத்து ஆறவிடலாம். 2005ஆம் ஆண்டு அறிக்கையில் அவ்வாறு விடப்பட்டவர் நன்கு தேறினர். முற்றிலும் அறுந்து தைக்கப்பட்டவர்க்கே தொல்லைகள் மிகுந்தன. கத்தியை எடுக்காதிருப்பதும் அறுவை மருத்துவரின் திறமைகளுள் ஒன்று என்பதற்கு இது நல்ல சான்று.

தையல் போதாதெனில் புதுக்கயிறு வேண்டும். அதனை எங்கிருந்து பெறுவது? நோயாளியின் உடலிலிருந்தே பெறலாம் என்றனர் சிலர். தொடையின் பின்புறத்துத் தசைகளுள் ஒன்றுக்கு நீண்ட மெல்லிய நாண் உண்டு. அதனை மேலே அறுத்து, கீழே எலும்போடு ஒட்டியபடியே விட்டு, முன்புறமாகக் கொணர்ந்து சில்லைச் சுற்றிக் கட்டும் முறையைக் கடம்பி, எங் என்னும் இருவர் 1992இல் விவரித்தனர். கீழ்நாண் அறுந்து நெடுநாள் ஆகாதவர்க்கு இது பயன்படும். தோலும் சதையும் கூடக் கெட்டுப்போயிருந்தால், கெண்டைக்காற் சதையின் உட்பாதியைப் பிரித்து முன்புறம் திருப்பிப் போர்த்தும் முறையும் இருக்கிறது. கயிறும் போர்வையும் ஒருசேரக் கிடைக்கும்.

மற்றொரு வழி, இறந்தோர் தானமாக அளித்த திசு. எமர்சன், ஹெட், மலினின் ஆகிய மூவர் 1990இல் இதனை அறிவித்தனர். எலும்புத் துண்டு, கீழ்நாண், சில்லு, மேல்நாண் ஆகிய தொடர் முழுவதையும் தானத் திசுவாகப் பெற்று, எலும்புத் துண்டை நோயாளியின் கீழ்க்கால் எலும்பில் வெட்டிய பள்ளத்தில் ஆப்புப்போல் பதித்து, மேல்முனையை நோயாளியின் தசையோடு தைத்துவிடுவது இம்முறை. சில்லு கெடாமலிருந்தால், எலும்போடு கூடிய குதிகால் நாண் மட்டுமே போதும். தைப்பதற்கு வலிய நார் கிடைத்துவிட்டது. இனிக் கவலையில்லை என்றே எவரும் நினைத்திருப்பர். ஆயினும் சிலருக்குக் கால் நீண்டது, சிலருக்கு நீளவில்லை.

இந்தப் புதிரை விடுவித்த கதையே இத்துறையில் எனக்கு மிகவும் பிடித்தது. சிகாகோ மருத்துவர் குழு ஒன்று 2004இல் தம் நோயாளிகளை இரு பிரிவாக வைத்து ஒப்பிட்டது. முதற்பிரிவின் 7 முழங்கால்களில் தானநாணைச் சற்றுத் தளர்வாகத் தைத்திருந்தனர். அதற்கு நியாயமான காரணமும் இருந்தது: மிக இறுக்கினால் முழங்கால் பின்னர் மடங்காமற் போகுமே என்ற அச்சம். அறுவை மேசையிலேயே மடக்கிப் பார்த்து, மடங்குகிறது என்று நிறைவடைந்தே தைத்தனர். இரண்டாம் பிரிவின் 13 முழங்கால்களில் காலை முற்றிலும் நீட்டி வைத்து, நாணைத் தம்மால் இயன்றவரை இறுக்கித் தைத்தனர். மேசையில் மடக்கிப் பார்க்கவே இல்லை. முடிவு என்ன? தளர்த்தித் தைத்த ஏழும் தோல்வி. தானே நீட்டும்போது, முழு நீட்டத்துக்கு எத்தனை பாகை குறைகிறதோ அதனை நீட்டற்குறை என்பர். தளர்ந்த பிரிவில் அது சராசரி 59 பாகை. இறுகிய பிரிவில் 4 பாகையைச் சற்றே தாண்டியது. மடங்காது என்று அஞ்சினார்களே, அந்த அச்சமாவது மெய்யாயிற்றா என்றால், மடங்கும் அளவில் இரு பிரிவினருக்கும் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. நாண் நாளடைவில் தானே நெகிழ்ந்து மடங்க இடங்கொடுக்கிறது. முதலிலேயே தளர்ந்த நாணோ மேலும் தளர்ந்து பயனற்றுப் போகிறது. புதிதாகக் கட்டிய கயிற்றுக்கட்டில் ஒரு மாதத்தில் தொய்வதைக் கண்ட நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இது வியப்பாக இராது.

தானத் திசுவுக்கும் குறைகள் உண்டு. அது உயிரற்ற நார். நோயாளியின் அணுக்கள் உள்ளே புகுந்து அதனைத் தமதாக்கிக்கொள்ள நெடுங்காலம் ஆகும். அதற்குள் நீளவும் நையவும் கூடும். கிடைப்பதும் எளிதன்று. மும்பையில் டாட்டா நினைவு மருத்துவமனை 1988இலேயே திசு வங்கி ஒன்றைத் தொடங்கியது. 1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டம் 2011இல் திருத்தப்பட்டுத் திசுக்களையும் தன்னுள் அடக்கிக்கொண்டது. எனினும் முழுநீள நாண் தொடர் ஒன்றை வேண்டிய நாளில் பெறுவது எல்லா ஊர்களிலும் இயலுவதன்று.

இந்நிலையில்தான் ஒரு வலை துணைக்கு வந்தது. குடலிறக்க நோய்க்கு வயிற்றுச் சுவரில் வைத்துத் தைக்கும் செயற்கை நூல்வலையை நேயர்கள் அறிந்திருக்கலாம். ஹூஸ்டன் நகரத்து அஷர் என்னும் மருத்துவர் 1958இல் பரப்பிய பொருள் அது. வயிற்றுக்கென்று பிறந்த அவ்வலையை, மேயோ மருத்துவமனையின் ஹான்சன் முழங்காலுக்குக் கொணர்ந்தார். அவரும் பிரௌனும் சேர்ந்து, கீழ்நாண் அறுந்த 13 முழங்கால்களில் பெற்ற பயனை 2011இல் வெளியிட்டனர். முறை வியக்கத்தக்க எளிமையுடையது. பாலிப்ரோப்பிலீன் நூலால் பின்னிய வலைத்தாளைப் பாயைச் சுருட்டுவதுபோல் பல சுற்றாகச் சுருட்டி, இரண்டு விரல் அகலமுள்ள பட்டையாகத் தைத்துக்கொள்கிறார்கள். கீழ்க்கால் எலும்பில் ஒரு பள்ளம் குடைந்து, பட்டையின் ஒரு முனையை அதனுள் செருகி, எலும்புச் சிமெண்டு இட்டு, திருகாணியும் முடுக்குகிறார்கள். மறுமுனையை மேலே கொண்டுசென்று, கால் முற்றிலும் நீண்டிருக்க, தொடைத் தசையை இயன்றவரை கீழே இழுத்து, தசையின் இரு பகுதிகளுக்கும் இடையில் வலையை வைத்துச் சட்டையின் இரு ஓரங்களை மேலும் கீழுமாக மடித்துத் தைப்பதுபோல் தைத்துவிடுகிறார்கள். வலை வெளியே தெரியக் கூடாது. உள்ளே பாலித்தீன் பலகையோடு உராயவும் கூடாது. முன்னும் பின்னும் நோயாளியின் சொந்தத் திசு அதனை மூடியிருக்க வேண்டும். இறுக்கம் பற்றிய பாடத்தை இங்கும் மறக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

வலையே நாணாகிவிடுகிறதா என்றால், இல்லை. அதன் கண்கள் வழியே நோயாளியின் நார் உண்டாக்கும் அணுக்கள் புகுந்து, புதுநாரைப் பின்னத் தொடங்குகின்றன. பந்தற்காலைப் பற்றிக் கொடி படர்வதுபோல் வலையைப் பற்றி உயிர்நார் படர்கின்றது. வேறொருவர் திசுவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. செலவும் தானத் திசுவைவிடக் குறைவு. மேயோ குழுவினர் 2018இல் 77 முழங்கால்களின் கணக்கை வெளியிட்டபோது, 84 விழுக்காட்டினர்க்கு வலை நிலைத்திருந்தது. எஞ்சியோர்க்கு நிலைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மருத்துவர் தம் நோயாளியிடம் இந்த இரண்டாம் எண்ணிக்கையை மறைக்காமல் கூறுவதே முறை.

கத்தியைக் கையிலெடுக்குமுன் தீர்க்க வேண்டிய கேள்விகள் இரண்டு. மூட்டில் கிருமித் தொற்று உண்டா என்பது முதலாவது. இரத்தத்தையும் மூட்டு நீரையும் சோதித்து இதனை அறிவர். தொற்று இருக்குமானால் வலையோ தானநாணோ வைப்பது வீண். முதலில் செயற்கை மூட்டையே எடுத்து, தொற்றை ஒழித்த பின்னரே மற்றவை. மூட்டுப் பாகங்கள் சரியான திசையில் பொருந்தியுள்ளனவா என்பது இரண்டாவது. உட்புறம் திருகியபடி பொருந்திய பாகம் சில்லை ஓயாமல் வெளிப்புறம் தள்ளும். அதனைத் திருத்தாமல் நாணை மட்டும் கட்டினால் புதுநாணும் அதே வழியில் போகும்.

அறுவை முடிந்ததும் மேலும் கடினமான பகுதி தொடங்குகின்றது. அது நோயாளியின் பகுதி. தொடை முதல் கணுக்கால் வரை மாவுக்கட்டுப் போட்டு, ஏறக்குறைய மூன்று மாதம் காலை முற்றிலும் நீட்டியே வைத்திருக்க வேண்டும். முதன்முறை மூட்டு மாற்றியபோது அவருக்குக் கிடைத்த அறிவுரையை நினைத்துப் பாருங்கள். "இன்றே மடக்குங்கள், நாளை இன்னும் மடக்குங்கள்" என்று உடற்பயிற்சியாளர் வற்புறுத்தியிருப்பார். இப்போது சொல்வது அதற்கு நேர்மாறு. வீட்டாருக்கு இது புரிவதில்லை. கால் விறைத்துப்போகுமே என்று இரங்கி, கட்டைத் தளர்த்தி ஒருமுறை மடக்கிப் பார்க்கலாமே என்று சொல்பவர் அன்புடையவர்தாம். ஆனால் அந்த ஒரு மடக்கலில், கொடிபோல் படரத் தொடங்கிய இளநார்கள் அறுந்துபோகலாம். மூன்று மாதம் கழித்து, கீல் வைத்த தாங்குபட்டை அணிவித்து, முதலில் 45 பாகை அளவுக்கும், பின்னர்ப் படிப்படியாக 90 பாகை வரைக்கும் மடக்க விடுவர். இடைக்காலத்தில் ஊன்றுகோலுடன் நடமாடலாம்; குளிக்கவும் உடுக்கவும் துணை வேண்டும். உழைத்து உண்ணும் குடும்பத்தில் ஒருவர் இத்தனை நாள் முடங்குவது எளிய செய்தியன்று. ஆகவே நாள் குறிக்கும் முன்பே வீட்டில் பகல் நேரத்தில் யார் இருப்பார், கழிப்பறை எங்கே உள்ளது, அவர் படுக்கும் இடம் மாடியிலா கீழேயா என்பவற்றையெல்லாம் மருத்துவர் கேட்டறிய வேண்டும். இவற்றைக் கேட்காமல் செய்த நல்ல அறுவையும் கெட்டுப்போக இடமுண்டு.

எல்லாம் செவ்வனே முடிந்தபின் நோயாளி எதனை எதிர்பார்க்கலாம்? நாற்காலியிலிருந்து எழலாம், வீதியில் நடக்கலாம், கைப்பிடியைப் பற்றிப் படி ஏறலாம். சிலருக்குக் கைத்தடி நிலைத்துவிடும். சம்மணமிட்டு உட்காருதல், குந்துதல் ஆகியவற்றை மறந்துவிட வேண்டும். காலை நீட்டுவதற்கும் மடக்குவதற்கும் இடையில் ஒன்றையே தேர்ந்துகொள்ள வேண்டுமானால் நீட்டுவதையே தேர்ந்துகொள்ளுங்கள் என்பேன். மடங்காத காலால் நடக்க முடியும். நிமிர்ந்து நிற்காத காலால் நடக்க முடியாது.

முதுமையாலோ இதய நோயாலோ மற்றோர் அறுவையைத் தாங்க இயலாதவரும் உள்ளனர். அவர்களுக்கு, நடக்கும்போது கீல் பூட்டிக்கொண்டு உட்காரும்போது திறக்கும் தாங்குபட்டை ஒன்று செய்து தரப்படுகின்றது. தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் இறுகப் பொருந்துமாறு அளவெடுத்துச் செய்வித்துக்கொள்வது நல்லது. கடையில் ஆயத்தமாகக் கிடைப்பவை நடக்க நடக்கக் கீழே நழுவும். பட்டை அணிந்தவர் படியேறும்போது நல்ல காலை முதலில் மேற்படியில் வைத்து, மற்றக் காலை அதே படிக்குக் கொண்டுவர வேண்டும். இறங்கும்போது பட்டையணிந்த கால் முதலில் இறங்க வேண்டும். வீட்டுப் படிகளில் கைப்பிடி இல்லையெனில், பட்டை வந்து சேருமுன்பே ஒரு தச்சரையோ கொத்தனாரையோ அழைத்து அதனை அமைத்துவிடுவது நலம்.